கங்காணி என்றால் யார், சில்லறைக் கங்காணி என்றால் யார்?

கேள்வியை முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் புரியவேண்டும். கேட்டவர் ஹட்டன் பக்கத்துக்காரர். பாட்டியின் பிறப்புச் சான்றிதழ் கையில் கிடைத்திருக்கிறது, 1934ஆம் ஆண்டுக்குரியது. அதில் தகப்பனாரின் தொழில் என்ற இடத்தில் 'சில்லறைக் கங்காணி' என்று இருக்கிறது. வேலை செய்யும் இடத்தில் ஒருவர், கங்காணி என்பது 'கேங்' என்ற ஆங்கிலச் சொல்லில் இருந்து வந்தது என்கிறாராம். மாமா, இல்லையில்லை, காணியைப் பார்த்துக்கொண்டவர் அதனால் கங்காணி என்கிறாராம். சில்லறை என்றால் ஆட்களிடம் காசு பிடித்தவரா என்றும் கேட்டிருக்கிறார். கடைசியாக ஒரு வரி: "அவர் நல்லவரா, அல்லது எல்லாரையும் கடனில் மாட்டி வைத்தவர்களில் ஒருவரா?" உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். ஆனால் அதற்கு வழி அந்தச் சொல்லின் ஊடாகத்தான் போகிறது, கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

நான் தோட்ட ஆபீசில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆட்களின் வேலை நாளும் சம்பளமும் பதிகிற செக்ரோல் ஏட்டை எழுதியே வயது போனது. பழைய காகிதங்களைப் பார்க்கும் பழக்கம் அங்கே வந்ததுதான், அப்புறம் அதுவே வாசிப்பாகிவிட்டது. மொழியியலை முறையாகப் படித்தவன் அல்ல, கல்வெட்டைக் கல்லில் வாசிக்கவும் தெரியாது, பதிப்பித்து அச்சில் வந்ததைத்தான் படித்திருக்கிறேன். ஆகவே சொல்லின் வரலாற்றைப் பற்றிச் சொல்வது படித்து அறிந்தது, தோட்டத்து நடைமுறையைப் பற்றிச் சொல்வது பாதி படித்தது, பாதி கூட இருந்து பார்த்தது.

சொல்லைப் பொறுத்தவரை சந்தேகத்துக்கு இடமே இல்லை. அது கண்காணி. கண்ணால் காண்பவர், மேற்பார்த்து நிற்பவர். விறகுவெட்டி, நாடோடி, வழிகாட்டி என்பவற்றில் கடைசியில் வருகிற அதே இகரம்தான் இங்கேயும், செய்கிற ஆளைக் குறிக்கிறது. கண்காணி என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், ண் என்பது அடுத்து வரும் ககரத்தோடு ஒட்டி ங் ஆகிவிடும். முன்கோபத்தை முங்கோபம் என்கிறோமே, அதே வாய்ப்பழக்கம்தான். எழுத்தில் கண்காணி, பேச்சில் கங்காணி, நாளடைவில் பேச்சு வடிவமே பதவிப் பெயராக நின்றுவிட்டது. அதனால் 'கேங்' கதையை விட்டுவிடலாம். அந்த ஆங்கிலச் சொல் இந்தப் பக்கம் வருவதற்குப் பல நூறு ஆண்டுகள் முந்தியே கண்காணி தமிழில் இருந்தது. மாமா சொன்ன காணியும் சரியில்லை. நமக்கு இலங்கையில் காணி என்றால் நிலம் என்று வாயில் வந்துவிடுவதால் அப்படித் தோன்றுகிறது, ஆனால் இந்தக் காணி, காண் என்ற வினையில் இருந்து வந்தது. காணி பார்த்தவர் என்றால் முன்னால் இருக்கும் கண் எதற்கு என்ற கேள்வி நிற்கும்.

எவ்வளவு பழைய சொல் என்றால், சோழர் காலத்துக் கோயில் கல்வெட்டுகளில் 'ஸ்ரீமாஹேஸ்வரக் கண்காணி' என்று வருகிறது. சிவன் கோயில் வரவு செலவையும் கட்டளைகள் ஒழுங்காக நடக்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்ட அடியார்கள் அவர்கள். வைணவக் கோயில்களில் அதுபோலவே 'ஸ்ரீவைஷ்ணவக் கண்காணி'. அதாவது மரியாதைப்பட்ட பொறுப்பு, கோயில் சொத்தில் யாரும் கைவைக்காமல் பார்க்கிற பொறுப்பு. திருமூலரின் திருமந்திரத்திலும் இருக்கிறது: "கண்காணி இல்லென்று கள்ளம் பலசெய்வார், கண்காணி இல்லா இடமில்லை காணுங்கால்." பார்க்க ஆள் இல்லை என்று நினைத்துத் திருடுகிறார்கள், ஆனால் பார்க்கிறவன் இல்லாத இடம் ஏது என்கிறார், அங்கே கண்காணி என்பது இறைவனே. இதை நான் தோட்டத்து இளைஞர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். அவர்களுக்குக் கங்காணி என்றால் அதட்டுகிற ஆள், அவ்வளவுதான். அந்தச் சொல் இறைவனைச் சொல்லவும் உதவியது, அறுவடைக் காலத்தில் களத்து நெல்லைக் காத்து நின்ற ஆளைச் சொல்லவும் உதவியது. வயற்காவலுக்குக் கண்காணம் என்றே பெயர்.

இலங்கைக்கு வருவோம். இங்கே பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. கங்காணி என்ற பதவி தேயிலையோடும் கோப்பியோடும் இங்கே வந்தது இல்லை, அதற்கு முன்னாலேயே இருந்தது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கரையோரத்தை ஆண்ட காலத்தில் உள்ளூர் ஆட்களைக் கொண்டு லஸ்கரின் என்ற படையை வைத்திருந்தார்கள். அதில் முதலியார், முகாந்திரம், ஆராச்சி என்று வரிசையாகப் பதவிகள், ஆராச்சிக்குக் கீழே கங்காணி. இதற்குச் சாட்சி இன்றைக்கும் நம் கண்முன்னால் நடமாடுகிறது. தெற்கில் கங்காணம்கே என்ற வாசகமப் பெயரோடு, அதாவது பரம்பரைக் குடும்பப் பெயரோடு, எத்தனை சிங்களக் குடும்பங்கள் இருக்கின்றன! ஆராச்சிகே, முதலிகே, விதானகே என்பவை எப்படி ஆராச்சி வீட்டார், முதலியார் வீட்டார், விதானை வீட்டார் என்று பொருள்படுகின்றனவோ, அப்படியே கங்காணம் வீட்டார். அவர்களுடைய முன்னோர் தேயிலைத் தோட்டத்தில் ஆள் பார்த்தவர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது பழைய படையிலோ ஊர் நிர்வாகத்திலோ இருந்த பதவி. சிங்களத்துக்குத் தமிழில் இருந்து போன சொல்தான், ஆனால் போனது தோட்டங்கள் வருவதற்கு முந்தி.

இனி, இந்தப் பெயரைக் கோப்பித் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது யார் என்பது. இரண்டு வழி இருக்கிறது. திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் இருந்து வந்த ஆட்களே ஊரில் வழங்கிய பெயரைத் தங்கள் கூட்டத்துத் தலைவனுக்கும் கொடுத்திருக்கலாம். அல்லது கொழும்பில் ஆட்சி நடத்தியவர்களுக்கு ஏற்கெனவே பழகியிருந்த பதவிப் பெயரைத் தோட்டத்துரைமார், அதாவது தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரர், எடுத்துக்கொண்டிருக்கலாம். இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தன என்பதே என் ஊகம். ஆட்கள் வாயிலும் அந்தச் சொல் இருந்தது, அரசாங்கத்தின் காகிதத்திலும் இருந்தது, அதனால்தான் இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டது. இது ஊகம் என்பதை மறந்துவிடாதீர்கள், இதை எங்கேயும் மேற்கோளாகக் காட்டவேண்டாம்.

கோப்பி 1820களில் கம்பளைப் பக்கம் தொடங்கியது. கோப்பிக்கு ஆள் வேண்டியது பழம் பறிக்கிற காலத்தில்தான், மற்ற மாதங்களில் கொஞ்சப் பேர் போதும். அதனால் ஆட்கள் கூட்டம் கூட்டமாக மன்னாருக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, வேலை முடிந்ததும் ஊருக்குத் திரும்பினார்கள். தனி ஆளாக அந்த வழியில் வரமுடியாது. காடு, காய்ச்சல், தண்ணீர் இல்லாத தூரம். கூட்டத்துக்கு ஒருவன் முன்னால் நின்றான், வழியில் சோற்றுக்குச் செலவு பார்த்தான், தோட்டத்தில் துரையோடு பேசினான், கூலியை மொத்தமாக வாங்கிப் பிரித்தான். அவன்தான் கங்காணி. 1869இல் இலை நோய் வந்து கோப்பியைத் தின்றது. அதற்கு இரண்டு வருடம் முன்னதாக, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போட்டிருந்தார், அப்புறம் மலை முழுக்கத் தேயிலையாகிவிட்டது. தேயிலைக்குக் காலம் கிடையாது, வருடம் முழுவதும் கொழுந்து எடுக்கவேண்டும். வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை, குடும்பத்தோடு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தங்கினார்கள். வழித்துணையாக இருந்த கங்காணி அதோடு நிரந்தரமான அதிகாரி ஆனார்.

இங்கேதான் சொல்லுக்கும் வேலைக்கும் இடையில் தூரம் விழுந்தது. பெயர் சொல்வது பார்க்கிறவர் என்று மட்டுமே. ஆனால் தோட்டத்துப் பெரிய கங்காணி செய்தது பார்க்கிற வேலையைவிட எவ்வளவோ கூட. ஆள் பிடித்து வந்தவர் அவர். வழிச்செலவுக்கும் ஊரில் விட்டு வந்த கடனுக்கும் முன்பணம் கொடுத்தவர் அவர், அந்தப் பணம் தோட்டத்தின் பணம்தான், ஆனால் ஆளின் தலையில் ஏறியது கங்காணியின் கடனாக. சம்பளம் அவர் கைவழியே போனது. கல்யாணம், சாவு, சண்டை, பஞ்சாயத்து எல்லாவற்றிலும் முன்னால் உட்கார்ந்தவர் அவர். துரைக்குத் தமிழ் தெரியாது, அல்லது தோட்டத்துக்கு வேண்டிய அளவு கட்டளைத் தமிழ் மட்டும் தெரியும், ஆகவே ஆள் சொல்வது துரைக்கும் துரை சொல்வது ஆளுக்கும் கங்காணி வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் நாளுக்கு இத்தனை சதம் என்று தோட்டம் அவருக்குக் கொடுத்தது. ஆள் வேலைக்கு வராவிட்டால் அவருக்கு நட்டம். காய்ச்சலில் கிடந்தவரையும் லயத்துக் கதவைத் தட்டி எழுப்பினார்கள் என்று பெரியவர்கள் சொல்வதற்கு அடியில் இருப்பது இந்தக் கணக்குத்தான்.

துண்டைப் பற்றிச் சொல்லாமல் கங்காணியைப் பற்றிச் சொல்லமுடியாது. மருந்துத் துண்டு என்கிறோமே, அந்தத் துண்டுதான், சிறு கடிதம். ஒரு கங்காணியும் அவர் கூட்டமும் வேறு தோட்டத்துக்கு மாறவேண்டும் என்றால், இருக்கிற தோட்டத்துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார்: இந்தக் கூட்டத்தின் கடன் இவ்வளவு, அதைத் தந்தால் விடுவிக்கிறேன் என்று. புதிய தோட்டம் அந்தப் பணத்தைக் கட்டி ஆட்களை எடுக்கும். கடன் அப்படியே அவர்களோடு போகும், சில வேளை கங்காணி கூடுதலாக வாங்கி அதையும் கூட்டத்தின் தலையில் ஏற்றுவார். இப்படித் தோட்டம் தோட்டமாகக் கடன் ஏறியது. பீஜியிலும் மொரிசியசிலும் இருந்தது போல ஐந்து வருட ஒப்பந்தம் இலங்கையில் இருக்கவில்லை, இங்கே ஆள் சுதந்திரமாக வந்தார், மாத அறிவித்தல் கொடுத்துப் போகலாம் என்றுதான் அந்தக் காலத்தில் எழுதி வைத்தார்கள். எழுத்தில் சரி. ஆனால் கடனோடு எங்கே போவது? சொல்லாமல் போனால் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், சிறைக்கும் போகவேண்டி வரும். துண்டு முறையைச் சட்டத்தால் ஒழித்தது 1921இல். உங்கள் பாட்டி பிறந்தது 1934 என்பதால் இந்த வருடத்தை நினைவில் வையுங்கள்.

இப்போது சில்லறைக்கு வருகிறேன். சில்லறை என்றால் இங்கே சிறியது, கீழ்ப்பட்டது என்று பொருள். சில்லறைச் சாமான், சில்லறை வேலை என்கிறோமே அதுபோல. காசு பிடித்ததற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பெரிய கங்காணியின் கீழே பத்துப் பேர், இருபது பேர் என்று சிறு கூட்டங்கள் இருக்கும். பெரும்பாலும் ஒரே ஊர், ஒரே சாதி, மாமன் மச்சான் உறவு. அந்தச் சிறு கூட்டத்துக்கு முன்னால் நிற்பவர் சில்லறைக் கங்காணி. பெரிய கங்காணி மலைக்குத் தினம் வருவார் என்று சொல்லமுடியாது. கோட்டும் தலைப்பாகையும் கைத்தடியுமாக ஆபீசுக்கு வருவார், இந்தியாவுக்குப் போய் வருவார், கடை வைத்திருப்பார், கோயிலுக்கு உபயம் செய்வார். மலையகத்துப் பழைய மாரியம்மன் கோயில்கள் பலவற்றில் கல்லில் இருக்கிற பெயர்களைப் பாருங்கள், பெரிய கங்காணி இன்னார் உபயம் என்று இருக்கும். சில்லறைக் கங்காணி அப்படி அல்ல. அவர் விடியற்காலை, ஆட்களைக் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் தன் ஆட்களோடு நின்றார், அவர்களோடு மலை ஏறினார், அதே மழையில் நனைந்தார், அதே லயத்தில், கூடினால் ஓரத்துக் காம்பரா என்கிற அறையில், குடியிருந்தார். அவர் சம்பளமும் நாள் சம்பளம்தான், அதோடு தலைக்குச் சில சதம். இதனால் அவரிடம் அதிகாரம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு நாள் வேலைக்குச் செக்ரோலில் ஒரு பேர், பிந்தி வந்தாலோ கொழுந்து குறைந்தாலோ அரைப் பேர். யாருக்கு முழுப் பேர், யாருக்கு அரைப் பேர் என்பதில் முதல் வார்த்தை அவருடையது. எந்த மலையில் யாருக்கு எந்த நிரை, சரிவா மேடா, கொழுந்து நிறைந்ததா காய்ந்ததா என்பதையும் அவர்தான் பிரித்துவிட்டார். ஒரு பெண்ணுக்கு அவர் மீது மனத்தாங்கல் வந்தால் மாதம் முடியும்போது சம்பளத்தில் தெரியும். நான் செக்ரோல் எழுதிய காலத்திலும் அரைப் பேர் பிரச்சினைதான் ஆபீஸ் வாசலுக்கு அதிகம் வந்தது. அந்தக் காலம் கங்காணி முறையின் கடைசிக் காலம்கூட இல்லை, அதற்கும் பின்னால்.

கங்காணிக்கு மேலே யார் என்றும் சொல்லிவிடுகிறேன், சான்றிதழ்களில் இந்தப் பெயர்களும் வரும். துரை, சின்னத்துரை, அவர்களுக்குக் கீழே கண்டக்டர், லயத்தில் கண்டாக்கையா என்பார்கள், அப்புறம் கணக்கப்பிள்ளை, அப்புறம் கங்காணி. கணக்கப்பிள்ளை என்பதும் கங்காணி போலப் பழைய தமிழ்ப் பதவிதான், சென்னையில் வெள்ளைக்காரரின் வியாபாரக் கணக்கை எழுதியவர்களுக்கு இருந்த பெயர். தோட்டத்தில் அவர் கணக்கோடு நிற்காமல் மலையில் வேலை பார்க்கிறவராகவும் ஆகிவிட்டார். பார்க்கிறவர் என்று பெயர் பெற்ற கங்காணி ஆள் சேர்ப்பவரானார், கணக்கு எழுதுபவர் என்று பெயர் பெற்றவர் மேற்பார்ப்பவரானார். பதவிப் பெயரை வைத்து மட்டும் ஒருவர் என்ன செய்தார் என்று முடிவு கட்டினால் தவறிப்போகும், அதனால்தான் இதை எடுத்துச் சொல்கிறேன்.

கங்காணி ஆண்டையா, ஆளா என்ற கேள்வி சட்டத்திலேயே இருக்கிறது. இந்தியத் தோட்டத் தொழிலாளர் பற்றிய 1889ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளி என்றால் யார் என்று சொல்லும்போது, தோட்டத்துப் பதிவேட்டில் பெயர் உள்ள தொழிலாளியையும் கங்காணியையும் சேர்த்தே, இந்தியக் கூலிகள் என்று பொதுவாக அழைக்கப்படுவோர் என்று சொல்கிறது. லயத்து ஆள் கையைக் கட்டிக்கொண்டு நின்றது கங்காணிக்கு முன்னால். கங்காணி கையைக் கட்டிக்கொண்டு நின்றது துரைக்கு முன்னால், அரசாங்கத்தின் ஏட்டில் அவரும் கூலிதான். சாதியையும் இதில் விட்டுவிட முடியாது. பெரிய கங்காணிகள் பெரும்பாலும் ஊரில் நிலம் வைத்திருந்த சாதிகளைச் சேர்ந்தவர்கள், கூட்டத்தில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். கடலைத் தாண்டி வந்தும் ஊர் வரிசை அப்படியே லயத்தில் உட்கார்ந்ததற்குக் கங்காணி முறை பெரிய காரணம். இதை மூடி மறைத்துவிட்டுக் கங்காணிமாரைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் தொழிலாளியாக வந்து மேலே போனவர்களும் உண்டு. சௌமியமூர்த்தி தொண்டமானின் தகப்பனார் கருப்பையா புதுக்கோட்டைப் பக்கத்து முனப்புதூரில் இருந்து தொழிலாளியாக வந்து, கங்காணியாகி, இறம்பொடைப் பக்கத்து வேவண்டன் தோட்டத்தையே வாங்கினார். மகன் தொழிலாளர் தலைவரானார். இப்படியான கதைகள் கொஞ்சம்தான், ஆனால் உண்டு.

இந்த அதிகாரம் ஒரே நாளில் போகவில்லை. 1904இல் தோட்டக்காரர் திருச்சியில் தொழிலாளர் ஆணையம் ஒன்றை அமைத்து ஆள் சேர்ப்பை ஒழுங்குபடுத்தப் பார்த்தார்கள். 1921இல் துண்டு போனது. 1922இல் இந்தியாவின் குடிபெயர்வுச் சட்டம் வந்தது, நினைத்தபடி ஊருக்குப் போய் ஆள் சேர்க்க முடியாமல் போனது. 1927இல் குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டம். 1931இல் கோ. நடேசய்யர் ஹட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் தொடங்கினார், கங்காணிக் கடனை நேருக்கு நேர் எதிர்த்துப் பேசியதும் எழுதியதும் அவர். 1939இல் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் வருவதையே தடுத்துவிட்டது. சேர்க்க ஆளே இல்லை என்றால் சேர்ப்பவனுக்கு என்ன வேலை? அதற்குள் இங்கிருந்த இந்தியர்களின் அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரஸ் வந்தாகிவிட்டது, சங்கங்கள் தோட்டத்துக்குத் தோட்டம் தலைவர் வைத்தன. துரையோடு பேசுகிற வேலை, பஞ்சாயத்து, கோயில் திருவிழா எல்லாம் மெல்ல மெல்லத் தலைவரிடம் போனது. பெரிய கங்காணி என்ற பதவி கரைந்தது, சிறிய கங்காணிதான் மிஞ்சினார். இன்றைக்குத் தோட்டத்தில் கங்காணி என்றால் கொழுந்து மலையிலோ கவ்வாத்து என்கிற செடி வெட்டும் வேலையிலோ ஒரு கூட்டத்தைப் பார்க்கிற மாதச் சம்பளமோ நாள் சம்பளமோ வாங்குகிற ஆள், அவருக்கும் யாருடைய கடனுக்கும் சம்பந்தம் இல்லை. சொல் ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய பொருளுக்கே வந்துவிட்டது. பெண்களும் இப்போது சில தோட்டங்களில் கங்காணியாக இருக்கிறார்கள். கொழுந்து எடுப்பது முழுக்கப் பெண்களாக இருக்க, அதைப் பார்ப்பவர் மட்டும் இத்தனை காலம் ஆணாகவே இருந்தது எனக்கு எப்போதும் உறுத்தியது, அது மாறுவதில் மிகுந்த மகிழ்ச்சி.

வெளியூரில் வாசிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலும் கங்காணி என்றே சொன்னார்கள், பர்மாவில் அதே வேலைக்கு மேஸ்திரி, அது போர்த்துக்கேயச் சொல். தமிழ்நாட்டில் போலீஸ் கண்காணிப்பாளர் என்றால் மாவட்டத்துக்கே பெரிய அதிகாரி. நம் நாட்டில் அதே பதவி பொலிஸ் அத்தியட்சகர், தோட்டத்துரையும் காகிதத்தில் தோட்ட அத்தியட்சகர்தான். இங்கே கங்காணி என்ற சொல் கீழ்ப்படியில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டதால் மேல்படிக்கு வடமொழியில் போய் ஒரு சொல் எடுத்தார்களோ என்று எனக்கு ஒரு எண்ணம். அதுவும் ஊகம்தான்.

சரி, உங்கள் பூட்டனாருக்கு வருவோம். சான்றிதழ் 1934க்குரியது, பதவி சில்லறைக் கங்காணி. இவை இரண்டையும் வைத்து உறுதியாகச் சொல்லக்கூடியது: அந்த வருடத்தில் அவர் கையில் துண்டு இருந்திருக்க முடியாது, அது ஒழிந்து பதின்மூன்று வருடம். பெரிய கங்காணி வைத்திருந்த பணபலமும் அவருக்கு இருந்திருக்காது, அந்தப் பதவிக்கு அது வராது. நாளாந்தம் மலையில் ஆட்களோடு நின்று, பேர் போட்டு, அதட்டி, சில நேரம் பரிந்து பேசி வாழ்ந்த ஒருவர். அவர் யாருக்கும் சின்னக் கைமாற்றுக் கொடுத்து வட்டி வாங்கினாரா, அரைப் பேர் போடுவதில் நியாயமாக நடந்தாரா என்பதைப் பதவிப் பெயர் சொல்லாது, எந்தக் காகிதமும் சொல்லாது. அந்தத் தோட்டத்தில் அவருக்குக் கீழே வேலை செய்த குடும்பங்களின் பிள்ளைகள் சொல்லக்கூடும். கேட்கப் போனால் உங்கள் சொந்தக்காரரிடம் மட்டும் கேட்காதீர்கள், அடுத்த லயத்திலும் கேளுங்கள். இரண்டு இடத்திலும் ஒன்றாக இருந்தால் நம்பலாம்.

காகிதம் தேடுவதானால் வீட்டில் 1949ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்த பத்திரங்களின் பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியர், பாகிஸ்தானியர் பிரஜாவுரிமை விண்ணப்பம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தொடர்ந்து இலங்கையில் இருந்ததை நிரூபிக்க வேண்டியிருந்ததால் எந்த எந்தத் தோட்டத்தில் இருந்தோம் என்று வரிசையாக எழுதி, பழைய பற்றுச்சீட்டுகள் வரை சேர்த்து வைத்த குடும்பங்கள் உண்டு. அதோடு, அவர் எந்தப் பெரிய கங்காணியின் கூட்டத்தில் இருந்தார் என்பதை எப்படியாவது பிடியுங்கள். கூட்டங்கள் ஊர் ஊராக வந்தவை, செக்ரோலிலும் அந்தக் காலத்தில் கங்காணி வாரியாகவே பெயர்கள் நின்றன. பெரிய கங்காணியின் பெயர் கிடைத்தால் அவர் ஊர் கிடைக்கும், அவர் ஊர் கிடைத்தால் பெரும்பாலும் அதற்கு நாலைந்து மைல் சுற்றுவட்டாரத்தில்தான் உங்கள் ஊரும் இருக்கும். தோட்டத்தின் பெயரையும் பெரிய கங்காணியின் பெயரையும் கண்டுபிடித்துவிட்டால் இங்கேயே எழுதுங்கள், எந்தப் பக்கத்துக் கூட்டம் என்று எனக்குத் தெரிந்த வரையில் பார்த்துச் சொல்கிறேன்.